அவர் முடுக்கிய நட்டு

எங்கள் வீட்டில் ஊறுகாய் சாப்பிட வேண்டுமென்றால் அக்காவின் வீட்டுக்காரர் சவாரி முடிந்து திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். காலையில் புறப்படும்போது ஊறுகாய் பாட்டிலை அவர் கையால் மூடிவிட்டுப் போயிருப்பார். அவர் மூடியதை அவரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது. அம்மா முந்தானையைச் சுற்றித் திருகிப் பார்ப்பாள். நான் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தம் பிடித்துப் பார்ப்பேன். அக்கா முயற்சிகூடச் செய்ய மாட்டாள், அவளுக்கு அனுபவம் அதிகம். கடைசியில் வெறும் தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவோம். சாயங்காலம் அவர் வந்து பாட்டிலைக் கையில் வாங்குவார், ஒரு திருகு, மூடி கையோடு வந்துவிடும். "இதுக்கா மூணு பேரும் பட்டினி கெடந்தீங்க?" என்று எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் புதுப்பட்டினத்தில் இன்றைக்கும் நாலு குடும்பம் சண்டைக்கு வரும். அந்த வீடுகளின் அரிக்கேன் விளக்குகளுக்கு எண்ணெய் மூடியைச் சரியாகப் போட்டுத் தருகிறேன் என்று உதவி செய்தவர் அவர். அதற்குப் பிறகு அந்த விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்ற யாராலும் முடியவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருந்தது. பக்கத்துக் கல்பாக்கத்தில் அப்போது அணுவும் இல்லை, ஆபீஸ் பஸ்ஸும் இல்லை. சவுக்குத் தோப்பும் மணலும் மீனவர் குப்பமும்தான். மச்சானுக்குத் தாய் தகப்பன் கிடையாது, அதனால் நிக்காஹ் முடிந்ததும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர் கொண்டுவந்த ஒரே சொத்து அமெரிக்காவில் செய்த ஒரு பெரிய கறுப்பு வண்டி. யுத்தம் முடிந்ததும் யாரோ ஒரு துரை விட்டுவிட்டுப் போனது, பல கை மாறி இவரிடம் வந்திருந்தது. தினமும் காலையில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் போய் நிற்பார். மதராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு, மத்தியானம் கோயில் சோறு தின்னக் கழுகு வருவதற்குள் திருக்கழுக்குன்றம், பிறகு மகாபலிபுரம், மாலை ரயிலுக்குத் திரும்பவும் ஸ்டேஷன். வண்டி ஓடிய காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது.

மனிதர் தங்கமானவர். ஆனால் இந்த உலகத்தில் மாட்டி வைத்த எதுவும் ஒருநாள் கழன்றுவிடும் என்று முழுமனதாக நம்பினார். ஐந்து வேளையும் தொழுகிறவர், ஆண்டவன் மேல் அவருக்குச் சந்தேகமே கிடையாது. திருகாணி மேல்தான் சந்தேகம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவுக் கீலை ஆட்டிப் பார்ப்பார், அப்புறம்தான் ஸலாம். ரயிலில் ஏறினால் உட்காரும் பலகையின் அடியில் கைவிட்டுத் துழாவுவார். பள்ளிவாசல் வாசலில் செருப்பை விட்டால் இரண்டையும் வாரோடு வார் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். தொழுதுவிட்டு வந்து அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்குப் பிடிக்கும் நேரத்தில் நான் வீட்டுக்கு வந்து நாஸ்தாவே முடித்திருப்பேன்.

சவாரிக்காரர்களுக்கும் இந்த உபசாரம் உண்டு. பம்பாயிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். வழியில் அவர்களுடைய பிளாஸ்க்கில் டீ நிரப்பி வாங்கித் தந்தார் மச்சான். சிந்திவிடக் கூடாதே என்று மூடியையும் அவரே போட்டார். அந்த டீயோடு அவர்கள் கழுகைப் பார்த்தார்கள், கற்கோயில்களைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், ரயிலும் ஏறினார்கள். ஜன்னல் ஓரத்தில் அந்த அம்மாள் பிளாஸ்க்கை மடியில் வைத்துத் திருகிக்கொண்டே கண்ணுக்கு மறைந்ததைத் தான் பார்த்ததாக மச்சானே சொன்னார். "ஒரு சொட்டு சிந்தல மச்சான்" என்றார். செங்கல்பட்டுக் கோர்ட்டு வக்கீல் ஒருவர் கீழே விழுந்த பேனாவை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். மச்சான் எடுத்து, மூடி லூசாக இருப்பதைக் கண்டு, முடுக்கிக் கொடுத்தார். அன்றைக்கு அந்த வக்கீல் கட்சிக்காரனிடம் பேனா இரவல் கேட்டதாகக் கேள்வி.

மகாபலிபுரத்தில் மலைச் சரிவில் நிற்கிற வெண்ணெய் உருண்டைக் கல்லை எல்லாரும் அதிசயமாகப் பார்ப்பார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்பவர்களும் உண்டு. மச்சான் அந்தப் பக்கமே வண்டியை விட மாட்டார். சவாரிக்காரர்களை எட்டவே இறக்கிவிட்டு வெயிலில் நிற்பார். ஒரு தடவை நான் கூடப் போயிருந்தேன்.

"இன்னா மச்சான், அங்க நெழலு கீது. வண்டிய அங்க போடலாமே?"

"அதுக்கு ஒரு போல்ட்டு கீதா? ஒரு நட்டு கீதா? எத்த நம்பி நிக்குது?"

"ஆயிரம் வருசமா நிக்குது."

"அதான் சொல்றேன். ஆயிரம் வருசமா ஒருத்தனும் முடுக்கல."

முடுக்கும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். இடது கண் மூடிக்கொள்ளும், நாக்கு நுனி மடிந்து வலது கடைவாயில் பல்லுக்கு நடுவில் வந்துவிடும், மூச்சு உள்ளே போனது போனதுதான், வெளியே வராது. திறக்கும்போது அப்படியே நேர்மாறு. இரண்டு கண்ணும் அகலமாக விரியும், வாய் பிளந்துகொள்ளும், உள்ளே என்ன இருக்கப்போகிறதோ என்று காத்திருப்பவர்போல நிற்பார். உள்ளே எலுமிச்சங்காய் ஊறுகாய் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிச் செய்து காட்டுவாள். அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரிப்பாள். தனக்கு இப்படி இரண்டு முகம் இருப்பது மச்சானுக்குத் தெரியாது.

இனி வண்டிக்கு வருகிறேன். பல வண்டிகளில் சக்கரம் மாட்டும் இடத்தில் ஐந்து இரும்புக் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் கோட் மாட்டுவதுபோல மாட்டிவிட்டு நட்டைப் போட்டால் முடிந்தது. மச்சானின் வண்டியில் அந்தக் கம்பிகள் கிடையாது. ஐந்து ஓட்டைகள்தான். சக்கரத்தைத் தூக்கி, அதன் ஓட்டையை உள்ளே இருக்கும் ஓட்டைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, போல்ட்டைச் செருகித் திருக வேண்டும். தூக்குகிறவனுக்கு ஓட்டை தெரியாது, ஓட்டையைப் பார்க்கிறவனால் தூக்க முடியாது. இது போதாதென்று இன்னொரு விசேஷம். வலப்பக்கத்து போல்ட்டுகள் ஊரில் உள்ள எல்லாத் திருகுகளையும்போலச் சுற்றும். இடப்பக்கத்து போல்ட்டுகளில் மரை, அதாவது திருகு வரி, தலைகீழாக வெட்டியிருக்கும். மற்றதில் எந்தப் பக்கம் திருகினால் இறுகுமோ அந்தப் பக்கம் திருகினால்தான் இது கழலும். ஓடுகிற ஓட்டத்தில் சக்கரம் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அமெரிக்காக்காரன் செய்த ஏற்பாடாம்.

"பாத்தியா? அவனுக்கும் என் பயம் கீது" என்பார் மச்சான். அவரைப் புரிந்துகொண்ட ஒரே மனிதன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

ஸ்டேஷனில் மற்ற டிரைவர்களிடம் ஸ்பானரைக் கொடுத்து இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றச் சொல்வது அவருடைய பொழுதுபோக்கு. அவர்கள் வழக்கமான பக்கம் திருகித் திருகி நெற்றி வியர்த்து நிற்பார்கள். இவர் போய் எதிர்ப்பக்கம் ஒரு தட்டு தட்டுவார், கழன்றுவிடும். தினமும் காலையில் புறப்படுமுன் நாலு சக்கரத்தையும் முடுக்குவார். ஸ்பானரின் வாலில் நீளமாக ஒரு இரும்புப் பைப்பை மாட்டி, பிஸ்மி சொல்லி, அதன்மேல் ஏறிக் குதிப்பார். நான் ஜவுளிக்காரன். என் தொழிலில் எதையும் முடுக்க வேண்டியதில்லை, மடித்து வைத்தால் போதும். அதனால் வேடிக்கை பார்த்ததோடு சரி.

அக்காவுக்கு முதல் பிரசவ வலி வந்தபோது விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளூர் மருத்துவச்சி பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். வீட்டு வாசலிலேயே வண்டி இருக்கும்போது என்ன கவலை என்று எங்களுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. சவுக்குத் தோப்பு ஓரத்து மணல் ரோட்டில் பின்பக்கத்துச் சக்கரம் ஒன்று வெடித்தது. மச்சான் குதித்து இறங்கி ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிவிட்டார். மாற்றுச் சக்கரத்தை நாங்கள் இரண்டு பேரும் தூக்கினோம். ஓட்டைக்கு ஓட்டை நேராக வரவில்லை. வந்ததுபோல இருந்தால் ஜாக்கி மணலில் ஒரு விரல் இறங்கிவிடும். போல்ட்டைச் செருகினால் பிடிக்காமல் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே அக்கா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எப்படியோ இரண்டு போல்ட்டு பிடித்தது. அந்த இரண்டை நம்பி ஊர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை.

கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, நேரத்தோடு வந்திருந்தாலும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அதை மச்சானிடம் இரண்டு தடவை சொன்னார். மச்சான் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஓட்ட சேரல மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றில் கைவைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "ஓட்ட சேரல" என்பார். அக்கா குழம்பு ஊற்றுவாள். இன்னொன்றும் நடந்தது. அவர் எதையும் மூடுவதை விட்டுவிட்டார். ஊறுகாய் பாட்டில் திறந்தே கிடந்தது. சர்க்கரை டப்பாவில் எறும்பு மொய்த்தது. அந்தச் சர்க்கரை போட்ட டீயையே எல்லாரும் குடித்தோம். வேண்டும்போது ஊறுகாய் கிடைக்கிற வீடாக எங்கள் வீடு ஆனதில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை. அவர் பழையபடி முடுக்க மாட்டாரா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

அக்காவுக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது என்று தெரிந்த அன்றைக்கு மச்சான் எழுந்துபோய் சர்க்கரை டப்பாவை மூடினார். அம்மா அழுதுவிட்டாள். மூடிவிட்டு என்னிடம் வந்து, "அந்த போல்ட்டுங்கள தூக்கி எறியணும். கம்பி போடணும். ஓட்டயத் தேடற பேஜாரே இருக்கக் கூடாது" என்றார்.

செங்கல்பட்டில் ஒரு லேத்துப் பட்டறைக்காரர் இருந்தார். லாரிக்காரர்களின் வேலைகளைச் செய்கிறவர், வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் சரக்கு எடுக்க வேண்டியிருந்ததால் நானும் போனேன். பட்டறைக்காரர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, குனிந்து ஓட்டைகளில் விரல் விட்டுப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த இது? அஞ்சு ஓட்டையில மூணுல மரையே இல்ல. வழவழன்னு கீது."

"பழைய வண்டி. தேஞ்சி போயிருக்கும்" என்றார் மச்சான்.

"இது தேஞ்சது இல்ல, அறுத்தது. பைப்பு மாட்டி ஏறிக் குதிச்சியா?"

மச்சான் குனிந்து தன் கால் செருப்பைப் பார்த்தார்.

"குதிச்சிருக்கே. இரும்புன்னா அதுக்கு ஒரு அளவு இல்லியா? இதுல நீ ஓட்டய சேத்தாலும் போல்ட்டு எப்பிடிப் புடிக்கும்? சுத்திகினேதான் இருக்கும்."

பட்டறைக்காரருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டார். மச்சான் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு அவர் எழுந்துபோய் மெதுவாகச் சொன்னார்: "நைனா, நான் முடுக்கினாலும் வீணாப் போவாத மாதிரி ஒண்ணு செஞ்சி குடு."

"அப்பிடி ஒண்ணு அல்லாவாலதான் செய்ய முடியும்" என்றார் பட்டறைக்காரர். ஆனால் செய்தார். பழைய லாரி அச்சு ஒன்றை அறுத்து, லேத்தில் கடைந்து கம்பிகள் எடுத்தார். அதற்கு ஸ்டட்டு என்று பெயர். கெட்டுப்போன ஓட்டைகளைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, ஸ்டட்டுகளை உள்ளே ஏற்றி, பின்பக்கத்துத் தலையைச் சுத்தியால் தட்டிப் பரப்பினார். வெளியே ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து கம்பிகள் பளபளவென்று நீட்டிக்கொண்டு நின்றன. மச்சான் சக்கரத்தைத் தூக்கி அதில் மாட்டினார். கையை எடுத்தார். சக்கரம் தானாகத் தொங்கியது. மறுபடி எடுத்தார், மறுபடி மாட்டினார். கடைசியில் அதைத் தடவிக்கொடுத்தார்.

"இன்னொரு சேதி" என்றார் பட்டறைக்காரர். "லெஃப்ட் சைடுல இருந்த எதிர் மரை இனிமே இல்ல. அத வெட்ற சாமான் எங்கிட்ட கெடையாது, அந்த நட்டும் கெடைக்காது. நாலு சக்கரமும் இப்ப ஒரே பக்கம்தான் சுத்தும். மறந்துடாதே."

"யாரு, நானா?"

"அந்தப் பைப்பு இங்கியே கெடக்கட்டும்."

மச்சான் பைப்பை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வந்தார். வரும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வண்டியை நிறுத்தி வேறு பைப்பு வாங்கினார்.

மறுநாளிலிருந்து பழையபடி முடுக்கல் தொடங்கியது. நாலு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றுவதை ஊரில் எல்லாருக்கும் சொன்னார். டீக்கடையில் சொன்னார், என் கடைக்குச் சேலை எடுக்க வந்தவர்களிடமும் சொன்னார். ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். காலையில் வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் வந்ததும் ஒரு கணம் தயங்குவார். இத்தனை வருஷமாகப் பழகிய கையைக் கொஞ்சம் அதட்டி இந்தப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் ஸ்பானரை வைப்பார். அதற்கப்புறம் டயர் பங்சர் ஆகாமல் இல்லை. எல்லாம் வலப்பக்கமாகவே ஆகித் தொலைத்தது.

இந்தத் தடவை முன்கூட்டியே வந்து தங்கிவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாங்களும் நாள் பார்த்து வைத்திருந்தோம். பிள்ளை நாள் பார்க்கவில்லை. ஒரு காலை நாஸ்தாவுக்கு உட்காரும்போது அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. அக்காவைப் பின்சீட்டில் அம்மா மடியில் சாய்த்துக்கொண்டு புறப்பட்டோம். சவுக்குத் தோப்பு வந்தது. தாண்டியதும் அம்மா மூச்சு விட்டாள். திருக்கழுக்குன்றமும் தாண்டியாயிற்று. ஒரு ஏரிக்கரை ஓரத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனது. மாட்டு லாடத்து ஆணி ஒன்று டயரில் ஏறியிருந்தது. இடப்பக்கம், பின்சக்கரம்.

மச்சான் பதறவில்லை. பதறாதவர்போல இருந்தார் என்று சொல்ல வேண்டும். "ஒண்ணும் இல்ல, இப்ப கம்பி கீது. அஞ்சு நிமிசம்" என்று பின்சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். கெட்டித் தரை, ஜாக்கி சரியாக நின்றது. ஸ்பானரை வைத்தார், பைப்பை மாட்டினார், திருகினார். நட்டு அசையவில்லை. தினம் தினம் ஏறிக் குதித்து முடுக்கின நட்டு, சும்மா வருமா என்று நானும் கூடப் பிடித்தேன். இரண்டு பேரும் தொங்கினோம். கொஞ்சம் அசைந்தது. "வருது, வருது" என்றார். பிறகு அதுவும் நின்றுவிட்டது. அடுத்த நட்டுக்குப் போனார். அதுவும் கொஞ்சம் அசைந்து நின்றது. மூன்றாவதில் பைப்பின் மேல் ஏறி பிஸ்மி சொல்லிக் குதித்தார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. நட்டு வரவில்லை. ஸ்டட்டே முறிந்து நட்டோடு கீழே விழுந்தது.

அவருக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. "போச்சு மச்சான், இதுவும் போச்சு" என்றார். அம்மா சத்தமாக ஓத ஆரம்பித்துவிட்டாள். ரோட்டில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரைப்போல நானும் திரும்பத் திரும்ப அந்தப் பைப்பையே பிடித்துத் தொங்கினேன். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது?

அவர் நாலாவது நட்டில் ஸ்பானரை வைத்து, நுனியில் கால் வைத்து, குதிக்கத் தயாரானார். பின்கதவு திறந்திருந்தது. அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டிருந்த அக்கா, வலி விட்ட நேரத்தில் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க" என்றாள்.

"தோ ஆச்சு, தோ ஆச்சு. நீ கண்ண மூடிகினு படு."

"நீங்க தொறக்கல. மூடிகினு கீறீங்க."

"வலியில ஒளறாத, சும்மா இரு."

"நான் ஒளறல. இது மூடற மொகம். கண்ண ஒண்ண மூடிகினு, நாக்கக் கடிச்சிகினு... எனக்குத் தெரியாதா? எத்தினி பாட்டிலு பாத்துருக்கேன்."

மச்சான் காலைப் பைப்பிலிருந்து எடுத்தார். சக்கரத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மடித்திருந்த நாக்கு இன்னும் கடைவாயிலேயே இருந்தது. இடப்பக்கம் என்றதும் பழைய அமெரிக்காக்காரன் அவர் கையைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பியிருந்தான். கழற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து, இறுக்கமாக இருந்த நட்டுகளை இன்னும் இறுக்கியிருந்தோம்.

அவர் ஸ்பானரை எடுத்து, திருப்பி வைத்து, எதிர்ப்பக்கமாகப் பைப்பின் மேல் ஏறினார். கிரீச் என்றது. அவர் வாய் பிளந்தது, இரண்டு கண்ணும் அகலமாக விரிந்தன.

"அதான்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மிச்சமிருந்த நாலு நட்டும் வந்தன. மாற்றுச் சக்கரத்தைத் தூக்கினோம். ஓட்டையைத் தேடவில்லை, எதுவும் தேடவில்லை, கம்பிகளில் போய்த் தானாகத் தொங்கியது. நாலு நட்டோடு செங்கல்பட்டுக்குப் பறந்தோம். ஸ்ட்ரெச்சரில் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். மச்சான் முறிந்த ஸ்டட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவர் நம்பவில்லை, வேறு யாருடையதோ என்றார். அம்மா வெளியே வந்து பெண் குழந்தை என்று சொன்னபிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே அக்காவிடம் கேட்டுவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மூடற மொகம்னா? எனக்கு அப்பிடி ஒரு மொகம் கீதா?"

அக்கா சிரித்துக்கொண்டே இரண்டையும் செய்து காட்டினாள். மச்சான் சிரிக்கவில்லை. வெளியே வண்டிக்குப் போனார். தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, உள்ளே தொங்கும் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மூடியை முடுக்கிப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷமாக ஊரெல்லாம் இந்த முகத்தோடா திரிந்திருக்கிறோம் என்று அவர் யோசித்தது பின்னாலேயே வந்து வராந்தாவில் நின்ற எனக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து மச்சானிடம் ஒரே ஒரு மாற்றம் வந்தது. முடுக்குவதை விட்டுவிட்டார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியவில்லை. ஊறுகாய் பாட்டில் முன்போலவே சாயங்காலம்வரை திறக்காது. வெண்ணெய் உருண்டைக் கல்லின் நிழலில் அவர் கடைசிவரை வண்டியை நிறுத்தவில்லை. பட்டறைக்காரர் புது ஸ்டட்டு போட்டுக் கொடுத்து இரண்டாவது பைப்பையும் பிடுங்கிக்கொண்டார், இவர் மூன்றாவது வாங்கினார். ஆனால் எதை மூடினாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் மூடுவார். பாட்டிலைக் கையில் எடுத்ததும் மனிதர் மெல்லத் திரும்பி மூலையைப் பார்த்து நின்றுவிடுவார். பார்க்கிறவர்கள் தொழப் போகிறார் என்று நினைப்பார்கள்.

ஒருநாள் அப்படி அவர் மூலைக்குத் திரும்பி நின்றபோது, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இப்ப மூடறாரா தொறக்கறாரா, எப்பிடிக் கண்டுபுடிப்பே?"

அக்கா அவர் முதுகை ஒரு பார்வை பார்த்தாள். வலது தோள் காதுக்கு ஏறியிருந்தது, சட்டை நடுவில் இழுத்துப் பிடித்திருந்தது.

"மூடறாரு" என்றாள். "முதுகுல ஒண்ணும் தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு. நீ சொல்லிடாதே. அப்புறம் அந்த மனுசன் எங்க போயி மூடுவாரு?"